ஒரு மாத்திரையும் பல ஆண்டுகளும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை என்றால் நம் ஜனங்களின் மனத்தில் உடனே எழுவது கத்தியும், கீமோ என்னும் மருந்தேற்றும் ஊசியும், 'கரண்ட் வைப்பது' என்று அவர்கள் சொல்லும் கதிர்ச் சிகிச்சையும், உதிர்ந்துபோன தலைமயிருமே. இத்தனையையும் ஒரு பெண்மணி கடந்து வந்துவிட்டால், உற்றாரும் அண்டை வீட்டாரும் கண்டம் தப்பியது என்று கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, அந்த விஷயத்தை அத்துடன் மறந்துவிடுகிறார்கள். என் தமக்கையாருக்கும் அவ்வாறுதான் நடந்தது. அவருக்குக் கரண்ட் வைத்து முடிந்த நாளன்று டாக்டர் ஒரு சீட்டில் ஒரே ஒரு மருந்தின் பெயரை எழுதி, "தினம் ஒண்ணு, அஞ்சு வருஷம், விடாம சாப்பிடணும்மா" என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் அதை ஒரு சத்து மாத்திரையைப் போலவே பாவித்தோம். அதுவே சிகிச்சையின் நீண்ட பாகம் என்பதும், அதை உட்கொள்ளுவதற்கு அறுவைக்கு வேண்டிய தைரியத்தினின்றும் வேறான ஒரு பொறுமை வேண்டும் என்பதும் எங்களில் ஒருவருக்கும் அப்பொழுது தெரியாது.

மார்பகத்தில் தோன்றும் புற்று எல்லாம் ஒரு ஜாதியல்ல. அவற்றில் பெரும்பாலானவை, பெண்ணின் சரீரத்தில் இயல்பாக ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனையே ஆகாரமாகக் கொண்டு வளருகின்றன. கட்டியிலிருந்து எடுத்த சதையைப் பரிசோதித்து வரும் ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று கண்டிருந்தால், அந்தப் புற்றின் அணுக்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்துவதற்கான ஏற்பிகள் இருக்கின்றன என்று பொருள். அந்த ஹார்மோனைத் தடுத்தாலோ குறைத்தாலோ, கட்டியை எடுத்த பிறகு கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாமல் உடலில் எங்கேனும் தங்கியிருக்கக்கூடிய அணுக்கள் பட்டினி கிடக்கும். ஹார்மோன் சிகிச்சையின் தத்துவம் முழுவதும் இவ்வளவே.

இந்தத் தத்துவத்திற்கு மூலம் தேடிப் போனால் மாட்டுப் பண்ணைகளில் போய் நிற்கிறோம். பசுவின் சினைப்பைகளை எடுத்துவிட்டால் அதன் பால் மடி வற்றாமல் நீடிக்கும் என்பதைச் சில தேசங்களின் குடியானவர்கள் அறிந்திருந்தார்கள். மடிக்கும் சினைப்பைக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டானால் மார்பகத்து நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாமே என்று யோசித்த ஜார்ஜ் பீட்சன் என்னும் கிளாஸ்கோ அறுவை வைத்தியர், முற்றிய புற்றுடைய பெண்களின் சினைப்பைகளை எடுத்துப் பார்த்து, கட்டிகள் சுருங்கியதை 1896-ஆம் ஆண்டு 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியிட்டார். ஹார்மோன் என்னும் சொல்லே அப்பொழுது பிறக்கவில்லை என்பதை நினைத்தால் அந்த மனிதரின் ஊகம் வியக்கத்தக்கது. ஏன் சிலருக்கு மட்டும் அது பலித்தது, மற்றவருக்கு ஏன் பலிக்கவில்லை என்ற புதிருக்கு விடை கிடைக்க அறுபது வருஷங்களுக்குமேல் ஆயிற்று. சிக்காகோவில் எல்வுட் ஜென்ஸன் என்பவர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்த பின்பே அது விளங்கிற்று.

மருந்தின் கதை இதைவிட விசித்திரமானது. இங்கிலாந்தில் ஐ.ஸி.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1962-இல் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற ரசாயன நிபுணர் தயாரித்த ஒரு பொருளுக்கு முதலில் பெயர்கூட இல்லை, 46,474 என்ற எண் மட்டுமே இருந்தது. ஆர்தர் வால்போல் என்பாரின் தலைமையில் இயங்கிய அக்குழு தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மருந்தை. எலிகளில் நன்றாக வேலை செய்த அப்பொருள் பெண்களிடத்தில் நேர்மாறாகச் சினைமுட்டையைத் தூண்டிவிடவே, கருத்தடைக்கு அது உதவாமற் போயிற்று. பிறகு மான்செஸ்டரில் கிறிஸ்டி ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மேரி கோல் என்னும் பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் முற்றிய மார்பகப் புற்றுடைய 46 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில் பத்துப் பேருக்குக் குணம் தெரிந்தது. அந்த முடிவு 1971-இல் வெளிவந்தது. டமாக்ஸிஃபென் என்ற பெயரோடு அம்மருந்து பிரிட்டனில் 1973-லும் அமெரிக்காவில் 1977-லும் அனுமதி பெற்றது. கருவைத் தடுக்கப் பிறந்து அந்த வேலையில் தோற்றுப்போன மாத்திரை, லட்சக்கணக்கான ஸ்திரீகளின் ஆயுளை நீட்டித்தது.

ஆயுளை நீட்டித்தது என்று சொல்வது உபசார வார்த்தையன்று. உலகெங்கும் நடந்த பரிசோதனைகளையெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டவர்கள் 2011-இல் அறிவித்தபடி, ஹார்மோன் ஏற்பியுள்ள புற்றுக்கு ஐந்து வருஷம் டமாக்ஸிஃபென் சாப்பிட்டவர்களிடையே, முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் வரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரையை நிறுத்தி நெடுங்காலம் ஆன பின்னும் அதன் காப்பு உடலில் நிலைக்கிறது என்பது இதில் கவனிக்கத்தக்க அம்சம். ஐந்துக்குப் பதில் பத்து வருஷம் கொடுத்தால் என்ன என்று ஆராய்ந்த 'அட்லஸ்' பரிசோதனையின் முடிவு அடுத்து வந்தது. ஐந்து வருஷத்தோடு நிறுத்தியவர்களில், ஐந்தாம் ஆண்டிலிருந்து பதினான்காம் ஆண்டு வரைக்குள் நூற்றுக்குப் பதினைந்து பேர் வீதம் இந்நோய்க்கு இரையாகக்கூடும் என்றும், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் அது பன்னிரண்டாகக் குறைகிறது என்றும் அதில் கண்டார்கள். ஆனால் அதே காலத்தில் கருப்பையின் உட்சுவரில் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 1.6-இலிருந்து 3.1 ஆக உயர்ந்தது. லாபமும் நஷ்டமும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. லாபத்தின் பக்கம் பெரிது என்பதில் சந்தேகமில்லை.

இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று கேட்கலாம். ஹார்மோனை நம்பி வளரும் புற்று அவசரப்படாத சுபாவமுடையது. மற்ற ஜாதிப் புற்று திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் சில வருஷங்களிலேயே வந்துவிடும். இதுவோ பத்து, பதினைந்து ஆண்டுகள் உறங்கிக் கிடந்து எழுந்திருக்கக்கூடியது. கட்டி சிறியதாய், அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாததாய் இருந்து, ஐந்து வருஷச் சிகிச்சையையும் ஒழுங்காக முடித்தவர்களிடையேகூட, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் வீதம் நோய் உடலின் வேறு இடங்களில் தலைகாட்டுகிறது என்று 2017-இல் ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது.

டமாக்ஸிஃபென் பூட்டின் துவாரத்தை அடைப்பது போன்றது. ஈஸ்ட்ரோஜன் என்னும் சாவி உடலில் இருந்தாலும் நுழைய இடமிராது. அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் என்ற பின்வந்த மருந்துகளோ சாவி செய்யும் பட்டறையையே மூடுகின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடுமாயினும், கொழுப்பும் தசையும் அரோமட்டேஸ் என்ற ஒரு நொதியின் உதவியால் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனைச் செய்துகொண்டே இருக்கும். அந்த நொதியை இவை முடக்குகின்றன. நோய் திரும்புவதைத் தடுப்பதில், மாதவிலக்கு நின்றவர்களுக்கு இவை டமாக்ஸிஃபென்னைக் காட்டிலும் ஓரளவு மேலானவை.

இங்கேதான் நம் தேசத்திற்குப் பிரத்தியேகமான ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியப் பெண்களுக்கு இந்நோய் சுமார் பத்து வயது முன்னதாகவே வருகிறது. ஆகவே மாதவிலக்கு நிற்காத நாற்பதுகளில் உள்ளவர்கள் நம்மிடையே மிகுதி. கீமோவினால் அவர்களுக்கு விலக்கு நின்றுபோவது சகஜம். ஆனால் அது நிரந்தரமாக நின்றது என்று கொள்ளலாகாது. சினைப்பை அடிபட்டு மயங்கிக் கிடக்கலாம், அவ்வளவுதான். இந்த நிலையில் விலக்கு நின்றுவிட்டது என்று நம்பி லெட்ரோசோல் முதலியவற்றை மட்டும் கொடுத்தால், அவை உறங்கும் சினைப்பையைத் தட்டி எழுப்பிவிடக்கூடும். பிள்ளைப்பேறு வேண்டி வரும் பெண்களுக்குக் கருமுட்டையைத் தூண்டக் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தான் என்பதை நினைவில் வைத்தால் அபாயம் விளங்கும். அத்தகையோருக்கு டமாக்ஸிஃபென், அல்லது சினைப்பையை ஊசியால் அடக்கிவைத்து அதனுடன் மற்ற மாத்திரை என்பதே முறை. என் தமக்கையாருக்கு அப்பொழுது வயது நாற்பத்தேழு. டமாக்ஸிஃபென் இருபது மில்லிகிராம், தினம் ஒன்று.

இனி, உடன் வாழ்வதைப் பற்றி.

மூன்றாவது மாதமளவில் ஓர் இரவு இரண்டு மணிக்கு நான் எழுந்து பார்க்கையில் அவர் முற்றத்துச் சிமெண்டுத் தரையில், தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரோடு, பனையோலை விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அது மார்கழி மாதம். நான் போர்வையோடு வந்திருந்தேன். அவருடைய ரவிக்கை முதுகு முழுவதும் நனைந்து ஒட்டியிருந்தது. என்ன அக்கா என்றேன். "அடுப்ப உள்ள வச்சு ஊதுற மாதிரி இருக்குடா தம்பி. குப்புனு ஏறுது, அஞ்சு நிமிஷம், அப்புறம் குளிருது" என்றார். ஓர் இரவுக்கு எத்தனை தடவை என்று கேட்டதற்கு, எண்ணுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனபோது, "எப்படி இருக்கீங்கம்மா?" என்று டாக்டர் கேட்க, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று அவர் பதில் சொன்னார். வெளியில் அறுபது பேர் காத்திருந்தார்கள். டாக்டருடைய பேனா ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது.

அந்த 'நல்லா இருக்கேன்' என்ற வார்த்தையை நான் பிற்காலத்தில் பல தடவை யோசித்திருக்கிறேன். அது பொய்யன்று, உயிரைக் காத்தவரிடம் வேர்க்கிறது என்று முறையிடுவது நன்றிகெட்டதனம் என்ற கூச்சம் அது. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இதன் எதிரொலியைக் காணலாம்: மருந்து 'தாங்கக்கூடியது' என்று எழுதுவார்கள். தாங்குபவர் யார், எத்தனை இரவுகள் தாங்கினார் என்று எழுதுவது அபூர்வம். நோய் திரும்பியதையும் மரணத்தையும் தசம ஸ்தானம் வரையில் எண்ணிய விஞ்ஞானம், விசிறியோடு விழித்த இரவுகளை எண்ணத் தொடங்கியது வெகு காலம் கழித்தே.

எண்ணாததன் பலன் என்ன? வட கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துக் கணக்கைப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. ஐந்தாண்டும் ஒழுங்காக மாத்திரையை எடுத்தவர்கள் நூற்றுக்கு 49 பேர் மட்டுமே. பாதியில் விட்டவர்களிடையே மரணம் மிகுதி என்பதையும் அதே ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கண்டார்கள். விட்டவர்களைக் கவனமற்றவர்கள் என்று பேசுவது சுலபம். என் அபிப்பிராயம் வேறு: அவர்களில் பலர், சொல்லியும் கேட்பாரற்ற அல்லது சொல்லவே வாய்வராத ஓர் அவஸ்தைக்குத் தாமாகவே வைத்தியம் செய்துகொண்டவர்கள், அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மாத்திரையை நிறுத்துவது.

வேறு வைத்தியம் இல்லாமலில்லை. குறைந்துபோன ஹார்மோனையே திருப்பிக் கொடுத்தால் என்ன என்று ஸ்காண்டிநேவிய தேசங்களில் சோதித்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவது மிகுந்ததால் அந்தச் சோதனையை இடையிலேயே நிறுத்தும்படி ஆயிற்று. ஆகையால் அந்த வழி அடைபட்டது. ஆனால் வென்லாஃபாக்ஸின், காபாபென்டின், ஆக்ஸிபூட்டினின் என்று வேறு நோய்களுக்காக ஏற்பட்ட மருந்துகள் இந்த உடற்கொதிப்பைக் கணிசமாகத் தணிக்கின்றன. இதிலும் ஒரு ஜாக்கிரதை தேவை. டமாக்ஸிஃபென் ஈரலில் பக்குவப்பட்டு எண்டாக்ஸிஃபென் ஆன பின்பே முழு வலிமை பெறும். மனச்சோர்வுக்குச் சாதாரணமாக எழுதப்படும் ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்றவை அந்தப் பக்குவத்தையே தடுக்கும். ஒரு டாக்டர் எழுதியது மற்றொரு டாக்டருக்குத் தெரியாமலிருப்பது நம் ஊரில் சாதாரணம். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதே இதற்குப் பரிகாரம். மஞ்சளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மிளகுச் சத்துடன் சேர்த்த வீரியமான மஞ்சள் காப்ஸ்யூல் டமாக்ஸிஃபென்னின் அளவை இரத்தத்தில் குறைக்கிறது என்று ஹாலந்தில் நடந்த ஒரு சிறு பரிசோதனை காட்டியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் அதற்கும் ஒப்பில்லை. சமையலைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம், காப்ஸ்யூலைக் கண்டு அஞ்சலாம்.

டமாக்ஸிஃபென் ஒரு விநோதமான இரட்டைக் குணமுடையது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பகையாக நிற்கும் அதே மருந்து கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடிக்கிறது. மேற்சொன்ன கருப்பைப் புற்று அதனால் வருவது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கே அந்த அபாயம் பெரும்பாலும் உண்டு. விலக்கு நின்ற ஒரு பெண்ணுக்கு மறுபடி ஒரு துளி இரத்தம் பட்டாலும், உஷ்ணம் என்று தள்ளிவிடாமல் அந்த வாரமே காட்டிவிட வேண்டும். தக்க காலத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது அது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதற்கு அன்றைய பொழுதுகூடத் தாமதிக்கலாகாது. இளவயதினர் அறிய வேண்டியது மற்றொன்று: மாத்திரை சாப்பிடுகையில் விலக்கு ஒழுங்கின்றி வந்தாலும் வராவிட்டாலும் கரு தங்கக்கூடும், இம்மருந்தோ சிசுவுக்கு ஆகாது. ஆகவே ஹார்மோன் கலவாத கருத்தடை அவசியம்.

பிள்ளை வேண்டுமென்பவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குச் சமீபகாலம் வரையில் ஊகமே விடையாக இருந்தது. பல தேசங்களில் 516 பெண்களைச் சேர்த்து நடந்த 'பாசிட்டிவ்' என்னும் ஆராய்ச்சி 2023-இல் முடிவை வெளியிட்டது. ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை மருந்து சாப்பிட்டு, பிறகு இரண்டு ஆண்டு வரையில் நிறுத்தி, கருவுற்றுப் பிள்ளை பெற்று, மறுபடி மருந்தைத் தொடங்க முன்வந்தவர்கள் அவர்கள். மூன்று வருஷக் கணக்கில் அவர்களுக்கு நோய் திரும்பியது மற்றவர்களைவிட அதிகமில்லை. நெடுங்காலக் கணக்கு இனிமேல் வர வேண்டும். எனினும், பிள்ளை வேண்டுமென்று கேட்பதே தவறு என்று வாயை அடைத்த காலம் இதனால் முடிந்தது.

என் தமக்கையாருக்கு ஐந்தாண்டு முடிந்தபோது விலக்கு நின்றது பரிசோதனையால் உறுதிப்பட்டிருந்தது, லெட்ரோசோலுக்கு மாற்றினார்கள். உடற்கொதிப்புக் குறைந்தது, கை முடங்கியது. காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்குவதில்லை. காப்பி டபராவை இரண்டு கையாலும் ஏந்துவார். வாசலில் பூக்காரியிடம் உதிரிப்பூ வாங்கித் தாமே தொடுக்கும் நாற்பது வருஷப் பழக்கத்தை விட்டுக் கட்டின சரமாக வாங்கத் தொடங்கினார். இந்த ரக மருந்து சாப்பிடுவோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் மூட்டு வலி உண்டு. இதற்கு ஆச்சரியப்படும்படியான ஒரு மருந்து அமெரிக்காவில் 121 பெண்களிடம் பரீட்சிக்கப்பட்டது: வாரத்தில் இரண்டரை மணி நேரம் வேகநடை போன்ற உழைப்பு, இரண்டு தடவை எடை தூக்கும் பயிற்சி. ஓராண்டில் பயிற்சி செய்தவர்களுடைய மிகுதியான வலியின் அளவு 29 சதவீதம் குறைந்தது. பயிற்சியில்லாதவர்களுக்குக் குறையவே இல்லை. வலிக்கிற மூட்டை அசைக்காதே என்று வீட்டார் சொல்லும் புத்திமதிக்கு இது நேர்விரோதமானது. அதுவும் போதாதவர்களுக்கு, இக்குடும்பத்து மூன்று மருந்துகளில் ஒன்று ஒவ்வாவிடில் மற்றொன்று ஒத்துக்கொள்ளுவதுண்டு. அல்லது டமாக்ஸிஃபென்னுக்கே திரும்பலாம். வலி எண்ணப்பட்டவுடன் வழியும் பிறந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

எலும்பு வேறு விஷயம். லெட்ரோசோல் ரக மருந்தால் அது வலிக்காமலே தேயும். இந்த மாத்திரையைத் தொடங்குமுன் 'டெக்ஸா' ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியை அறிவதும், கால்சியம், வைட்டமின் டி குறைவைச் சரிசெய்வதும் முறை. ஸோலெட்ரானிக் அமிலம் முதலியன எலும்பைக் காப்பதோடு, விலக்கு நின்றவர்களுக்கு எலும்பில் நோய் திரும்புவதையும் குறைக்கின்றன.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பூர்த்தியாகாது; நம் பத்திரிகைகள் சொல்லக் கூசுவது அது. ஹார்மோன் குறைவதால் பெண்ணின் மறைவிடம் உலர்ந்து, தாம்பத்தியம் வேதனையாகிறது. பெண்கள் இதைத் தாயிடமும் சொல்லுவதில்லை. கணவன்மார் சிலர் இதைத் தம்மிடத்து ஏற்பட்ட வெறுப்பென்று நினைத்து ஒதுங்குகிறார்கள். ஹார்மோன் கலவாத ஈரப்பசைக் களிம்புகள் மருந்துக்கடையில் கிடைக்கின்றன, பலன் தருகின்றன. கேட்கும் துணிவுதான் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் இதைக் கேட்க வேண்டியவர் நோயாளியல்லர். ஒரு நர்ஸ், கதவைச் சாத்திக்கொண்டு, தாமாகவே கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சொல்லிவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டமாக்ஸிஃபென் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, புற்றுநோய் மருந்துகளில் மலிவானவற்றுள் ஒன்று. ஆண்களுக்கும் அபூர்வமாக இந்நோய் வருவதுண்டு, அவர்களுக்கும் இதே மாத்திரைதான். அவர்களுடைய கூச்சம் இன்னும் பெரிது.

என் தமக்கையாருக்கு இப்பொழுது ஏழாவது வருஷம் நடக்கிறது. சென்ற முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே புதிதாக வந்திருந்த ஓர் இளம் டாக்டர், சீட்டை எழுதுமுன் பேனாவைக் கீழே வைத்து, "மாத்திரை சாப்பிட முடியுதாம்மா?" என்று கேட்டார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. அக்கா கால் மணி நேரம் பேசினார். உங்கள் வீட்டில் இம்மாத்திரையை விழுங்கும் ஒருவர் இருந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரும்வரை காத்திராமல், இன்றிரவே அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.